காலை ஆறு பத்து

மார்ச் 3

அன்புள்ள தம்பிக்கு,

நலம்தானே? வீட்டில் உங்கள் மனைவியும் மகளும் சுகமா? நான் ஊர் வந்து சேர்ந்து ஐந்து நாளாகிறது. ஆபரேஷன் செய்த இடது கண்ணில் இன்னும் சிவப்பு இருக்கிறது. சொட்டு மருந்து ஒரு நாளைக்கு நான்கு வேளை. எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன் செய்யாமல் ஏன் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். முப்பத்தோரு வருடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் நான். இப்போது வீட்டுப் போனைப் பார்க்கவே பிடிக்கவில்லை. துணி போட்டு மூடி வைத்திருக்கிறேன்.

என் கூடப்பிறந்த சின்னவன் போய்விட்டான் என்பது இன்னும் எனக்கு உறைக்கவில்லை. என்னைவிடப் பதினொரு வயது சிறியவன். ஐம்பத்திரண்டு சாகிற வயதா? பகலெல்லாம் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துவிட்டு, மாலையில் அந்த மாடி அறையில் கம்ப்யூட்டர் பெட்டிகளோடு தனியாகக் கிடந்தவன். அவனுக்கு இத்தனை சிநேகிதர்கள் இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். உங்கள் கம்ப்யூட்டர் கிளப்பிலிருந்து பதினொரு பேர் வந்து சுவரோரமாக நின்றீர்கள். கதவை உடைத்ததிலிருந்து கடைசி வரை எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்தவர் நீங்கள். அதை நான் மறக்க மாட்டேன்.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். அன்றைக்கு எனக்கு எதுவும் காதில் ஏறவில்லை. உங்கள் செயலர் டாக்டரிடம் ஒரு காகிதத்தை நீட்டி, "வெள்ளிக்கிழமை காலைல வரைக்கும் இருந்திருக்காரு, இதோ பாருங்க" என்று சொன்னது மட்டும் நினைவிருக்கிறது. நீங்கள் கதவை உடைத்தது ஞாயிற்றுக்கிழமை. வெள்ளிக்கிழமை வரை அவன் உயிரோடு இருந்தான் என்பது எவ்வளவு நிச்சயம்? அது என்ன காகிதம்? ஏன் கேட்கிறேன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
அக்கா

•

மார்ச் 12

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். உங்கள் கண் எப்படி இருக்கிறது? குனிந்து வேலை செய்யாதீர்கள், தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்ளாதீர்கள் என்று என் மனைவி எழுதச் சொன்னாள்.

அவனை நாங்கள் கொசுறு என்றுதான் கூப்பிடுவோம். உங்களுக்கு இது தெரியாது என்று நினைக்கிறேன். எந்தப் பழைய மெஷினைப் பிரித்தாலும் வேலை முடிந்ததும் "இது எனக்குக் கொசுறு" என்று ஒரு ஸ்விட்சையோ நாலு ஸ்க்ரூவையோ சட்டைப் பையில் போட்டுக்கொள்வான். அந்தக் கொசுறுகளை வைத்தே இரண்டு முழு மெஷின்கள் செய்துவிட்டான். குப்பையில் கிடந்த ஒரு ஏசியை எடுத்து வந்து சரிசெய்து, மெஷின்களுக்குச் சூடு ஆகாது என்று மாட்டினான். அவனுக்கு வியர்த்தால் துண்டு, மெஷினுக்கு வியர்த்தால் ஏசி என்று நாங்கள் கிண்டல் செய்வோம்.

மாதத்தின் முதல் சனிக்கிழமை தையல்கடை மாடியில் கூடுவோம். பல் டாக்டர், தையல்காரர், பஸ் டிரைவர், லிஃப்ட் மெக்கானிக்கான நான், இப்படி ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத பன்னிரண்டு பேர். சம்பளம் வாங்கித் தருகிற வேலை எதுவும் அங்கே நடக்காது. செத்த மெஷினுக்கு உயிர் கொடுப்போம், வந்துவிட்டால் கைதட்டுவோம், அவ்வளவுதான்.

நீங்கள் கேட்ட காகிதம் எங்கள் வருகைப் பட்டியல். நான்கு வருடத்துக்கு முன் எங்களில் ஒருவர், தனியாக இருந்த ஓவிய வாத்தியார், குளியலறையில் வழுக்கி விழுந்து இரண்டு நாள் கிடந்தார். பிழைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு செயலர் ஒரு விதி கொண்டுவந்தார். தினமும் காலை ஆறு மணிக்கும் ஏழு மணிக்கும் நடுவில் ஒவ்வொருவரும் தன் மெஷினிலிருந்து, டெலிபோன் லைன் வழியாகச் செயலர் வீட்டு மெஷினைக் கூப்பிட்டு, 'இருக்கேன்' என்று ஒரு வரி தட்டவேண்டும். ஒருவர் பெயர் வராவிட்டால் பக்கத்தில் இருப்பவர் நேரில் போய்ப் பார்க்கவேண்டும். கொசுறு வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பவன் நான்.

அந்தப் பட்டியலில் பிப்ரவரி 14, வெள்ளிக்கிழமை காலை அவன் பெயர் இருக்கிறது. சனிக்கிழமை இல்லை.

அவனுடைய மெஷின்களை இப்போதைக்கு என் வீட்டில் வைத்திருக்கிறேன். என்ன செய்யலாம் என்று நீங்கள் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி போன்ற
லிஃப்ட்காரன்

•

மார்ச் 20

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. கண் பரவாயில்லை. கொசுறு என்பதைப் படித்துவிட்டுச் சிரித்தேன், சிரித்ததும் அழுகை வந்துவிட்டது. சின்ன வயதில் என் பென்சில் டப்பாவிலிருந்து அவன் எடுக்காத பொருள் கிடையாது.

இப்போது நான் கேட்டதற்குக் காரணம் சொல்கிறேன். இதை யாரிடமும் சொல்லவில்லை.

பிப்ரவரி 13, வியாழக்கிழமைதான் என் கண் ஆபரேஷன். எனக்கு இருப்பது அவன் ஒருவன். புதன்கிழமை வந்துவிடு, இரண்டு நாள் கூட இரு என்று அவனிடம் முன்பே சொல்லியிருந்தேன். அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை போன் செய்தபோது, "அடுத்த வாரம் எங்க கிளப்புல கண்காட்சி இருக்குக்கா. மெஷின் ரெடியாகல. அதை முடிச்சிட்டு வந்துடறேனே" என்றான். எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "அந்தப் பெட்டியையே கட்டிக்கிட்டு அழு. இனிமே அக்கான்னு வராத" என்று சொல்லி வைத்துவிட்டேன். நான் அவனிடம் கடைசியாகப் பேசிய வார்த்தை அது.

மனசு கேட்கவில்லை. புதன்கிழமை மாலை கூப்பிட்டேன். இருபத்திரண்டு தடவை மணி அடித்தது, எண்ணினேன். எடுக்கவில்லை. சரி, கிளம்பிவிட்டான் போலிருக்கிறது என்று இரவு பத்து மணி வரை வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் முன் காலையில் மறுபடியும் கூப்பிட்டேன். மணி ஆறு பத்து இருக்கும். எங்கேஜ்டு டோன். தம்பி, ரிங் எது, எங்கேஜ்டு எது, லைன் கோளாறு எது என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். அது சுத்தமான எங்கேஜ்டு. வீட்டில்தான் இருக்கிறான், யாரோடோ பேசிக்கொண்டிருக்கிறான், என் போனை மட்டும் எடுக்கவில்லை என்று அப்போதே தெரிந்துவிட்டது. பக்கத்து வீட்டுப் பெண்ணைத் துணைக்கு அழைத்துக்கொண்டு ஆபரேஷனுக்குப் போனேன்.

இன்னொன்றும் உண்டு. அவனை எடுத்த அன்றைக்கு அவன் முதலாளி என்னிடம் என்ன சொன்னார் தெரியுமா? "உங்க ஆபரேஷனுக்குன்னுதாம்மா நாலு நாள் லீவு கேட்டாரு. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் சொல்லிட்டுப் போனாரு." என் கண்ணைக் காட்டி லீவு வாங்கிக்கொண்டு, என்னிடம் வராமல், வீட்டில் உட்கார்ந்து கண்காட்சிக்கு மெஷின் செய்திருக்கிறான். நான் சொன்ன ஒரு வார்த்தைக்காக என்னை அப்படியே வெட்டி எறிந்துவிட்டுப் போயிருக்கிறான்.

வியாழக்கிழமை காலை ஆறு பத்துக்கு அவன் யாரோடு பேசினான்? உங்களோடா? பேசியிருந்தால் என்னைப் பற்றி ஏதாவது சொன்னானா? திட்டியிருந்தாலும் பரவாயில்லை, மறைக்காமல் எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா

•

ஏப்ரல் 11

அன்புள்ள தம்பிக்கு,

எல்லோரும் நலமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். என் கடிதம் போட்டு இருபது நாளுக்கு மேல் ஆகிறது. கிடைக்கவில்லையா, அல்லது எழுதக்கூடாததை எழுதிவிட்டேனா?

வேலை அதிகம் என்றால் ஒரு வரி போதும்.

அக்கா

•

ஏப்ரல் 19

அன்புள்ள அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னியுங்கள். உங்கள் கடிதம் மார்ச் மாதமே வந்துவிட்டது. தோள்பட்டையில் சுளுக்கு, அதோடு ஒன்பது மாடிக் கட்டடம் ஒன்றில் புதிதாக இரண்டு லிஃப்ட் மாட்டுகிற வேலை. இதெல்லாம் நிஜம்தான், ஆனால் எழுதாததற்குக் காரணம் இது இல்லை. எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

வியாழக்கிழமை காலையில் அவன் என்னோடு பேசவில்லை. அந்த நேரம் வருகைப் பதிவு நேரம். மெஷின் லைனைப் பிடித்துக்கொண்டிருந்தால் வெளியிலிருந்து கூப்பிடுகிறவர்களுக்கு எங்கேஜ்டாகத்தான் கேட்கும். உங்களைத் தவிர்க்க அவன் அப்படிச் செய்யவில்லை. இதை நீங்கள் நம்பவேண்டும்.

உங்களைப் பற்றி அவன் ஒருநாளும் தவறாகப் பேசியதில்லை. "எங்க அக்கா லைன்ல வந்தா இந்த ஊரே நிமிர்ந்து உட்காரும்" என்பான்.

கண்ணாடி போட்டுவிட்டீர்களா? ஆபரேஷன் முடிந்து ஆறு வாரத்தில் போட வேண்டும் என்று சொன்னார்களே.

இப்படிக்கு,
லிஃப்ட்காரன்

•

ஏப்ரல் 28

மதிப்பிற்குரிய அம்மையாருக்கு,

வணக்கம். தாங்கள் பூரண நலம் பெற்று வருகிறீர்கள் என நம்புகிறோம்.

எங்கள் கணினி ஆர்வலர் கழகத்தின் மறைந்த உறுப்பினரும் தங்கள் அருமைச் சகோதரருமானவருக்கு வரும் ஜூன் 7, சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு நினைவுக் கூட்டம் நடத்தத் தீர்மானித்துள்ளோம். தாங்கள் அவசியம் வந்து கலந்துகொள்ள வேண்டும். முப்பத்தாறு வருடம் தபால் நிலையத்தில் பணிபுரிந்தவன் என்ற முறையில், இக்கடிதம் தங்களுக்கு மூன்றாம் நாள் கிடைக்கும் என்று உறுதி கூறுகிறேன்.

அன்று ஒரு நினைவு மலரும் வெளியிடுகிறோம். அதன் தலைப்பு, 'இன்னும் இருக்கேன்.' இது என் கற்பனை அன்று. வருகைப் பதிவில் அவர் கைப்படத் தட்டிய கடைசி வரி. கடைசி மூன்று நாள்களும் அவர் தவறாமல் பதிவு செய்திருக்கிறார். புதன்கிழமை 'இருக்கேன்', வியாழக்கிழமை 'இருக்கேன்பா', வெள்ளிக்கிழமை 'இன்னும் இருக்கேன்.' சாவு வாசலில் நிற்கும்போதும் ஒரு மனிதர் கழகத்தின் விதியை மீறவில்லை என்பதை நினைக்க எங்களுக்கு மெய்சிலிர்க்கிறது. முன்பெல்லாம் மாதம் நாலு நாள் பதிவு செய்யத் தவறிவிடுவார். நவம்பரிலிருந்து ஒருநாளும் தவறவில்லை.

தங்கள் பார்வைக்காகப் பட்டியலின் கடைசி மூன்று மாதப் பக்கங்களை இணைத்துள்ளேன். மலரில் தங்கள் நினைவுகளையும் இரண்டு பக்கத்துக்கு மிகாமல் எழுதி அனுப்பினால் மகிழ்வோம்.

தங்கள் உண்மையுள்ள,
செயலர்

•

மே 6

தம்பிக்கு,

வீட்டில் எல்லோரும் நலம்தானே.

உங்கள் செயலர் பட்டியலை அனுப்பியிருந்தார். பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு முழுவதும் படித்தேன். முதலில் வந்தது கோபம்தான். வியாழக்கிழமை காலையில், நான் ஒற்றைக் கண்ணில் மருந்தோடு ஆட்டோவுக்கு நின்றுகொண்டிருந்த நேரத்தில், பதினொரு பேருக்கு 'இருக்கேன்பா' என்று சொல்ல அவனால் முடிந்திருக்கிறது. எனக்கு ஒரு வார்த்தை இல்லை. நினைவுக் கூட்டத்துக்கு வரமாட்டேன் என்று செயலருக்கு எழுதிக் கவரையும் ஒட்டிவிட்டேன்.

பிறகு மறுபடியும் எடுத்துப் பார்த்தேன். எக்ஸ்சேஞ்சில் எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தக் கால் எத்தனை மணிக்கு வந்தது என்பதைத்தான் கண் முதலில் தேடும். உங்கள் பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் நேரம் இருக்கிறது. பஸ் டிரைவர் ஒருநாள் 6:03, ஒருநாள் 6:41. சின்னவனுக்கு மட்டும் நவம்பர் 20 முதல் 6:10. ஞாயிற்றுக்கிழமை 6:10. காய்ச்சலில் கிடக்கிறேன் என்று அவனே என்னிடம் சொன்ன ஜனவரி மாதத்தில் நாலு நாளும் 6:10. எண்பத்தேழு நாள், ஒரு நிமிஷம் முன்னே பின்னே இல்லை.

பள்ளிக்கூடம் போகிற வயதில் அவன் முகத்தில் தண்ணீர் தெளித்து எழுப்பியவள் நான். என் தம்பி தன் வாழ்நாளில் ஏழரை மணிக்கு முன்னால் எழுந்தவன் இல்லை.

உங்கள் ஏப்ரல் கடிதத்தையும் மறுபடி படித்தேன். 'மெஷின் லைனைப் பிடித்துக்கொண்டிருந்தால்' என்று எழுதியிருக்கிறீர்கள். அவன் பிடித்துக்கொண்டிருந்தால் என்று எழுதவில்லை.

கேட்கிறேன், பதில் சொல்லுங்கள். வியாழக்கிழமை காலை ஆறு பத்துக்கு அந்த வரியைத் தட்டியது யார்?

அக்கா

•

மே 17

அக்கா,

நலம் விசாரித்து எழுத எனக்கு யோக்கியதை இல்லை. ஆனாலும் உங்கள் கண் நன்றாக இருக்கவேண்டும்.

அந்த வரியை யாரும் தட்டவில்லை. மெஷின் தானாகத் தட்டியது. அதற்குத் தட்டச் சொல்லிக்கொடுத்தவன் நான்.

கொசுறு மாதத்தில் நாலைந்து நாள் தூங்கிவிடுவான். பட்டியலில் பெயர் வராது. செயலர் ஏழு மணிக்கு எனக்குப் போன் போடுவார். நான் இரண்டு தெரு நடந்துபோய்க் கதவைத் தட்டுவேன். அவன் லுங்கியோடு வந்து, "இருக்கேன்யா, போ" என்பான். போன நவம்பரில் ஒருநாள் மழையில் நனைந்துகொண்டு போனேன். அன்று மாலையே அவன் மெஷினில் உட்கார்ந்து பன்னிரண்டு வரியில் ஒரு புரோகிராம் எழுதினேன். காலை ஆறு பத்துக்கு மெஷின் தானாகச் செயலர் வீட்டு எண்ணைக் கூப்பிடும், ஒரு வரி தட்டும், லைனை வைத்துவிடும். தினமும் ஒரே வரி வந்தால் செயலர் கண்டுபிடித்துவிடுவார் என்று மூன்று வரிகளை மாற்றி மாற்றிப் போட்டேன். இருக்கேன், இருக்கேன்பா, இன்னும் இருக்கேன். மூன்றையும் நான்தான் யோசித்தேன். வரியை மாற்றத் தெரிந்த எனக்கு நேரத்தை மாற்றத் தோன்றவில்லை.

அவன் திட்டு வாங்கக் கூடாது என்பதற்காகச் செய்தேன் என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். பொய். என் தூக்கம் கெடக்கூடாது என்பதற்காகச் செய்தேன்.

உங்கள் மார்ச் கடிதத்தைப் படித்த அன்றே அவன் மெஷினைப் போட்டுப் பார்த்தேன். அதில் கல் அடுக்குகிற விளையாட்டு ஒன்று உண்டு. ஆடி முடித்த நாளையும் நேரத்தையும் அதுவே குறித்துவைக்கும். கடைசி ஆட்டம் செவ்வாய்க்கிழமை இரவு 9:52. அதற்குப் பிறகு அந்த மெஷினை யாரும் தொட்டதற்கு அடையாளம் இல்லை. புதன்கிழமை மாலை நீங்கள் கூப்பிட்டபோது கொசுறு உயிரோடு இல்லை. வியாழக்கிழமையும் இல்லை.

நான் கதவை உடைத்து உள்ளே போனபோது அவன் மெஷினுக்கு முன்னால் நாற்காலியில் உட்கார்ந்து, மேசைமேல் தலை சாய்த்திருந்தான். புதன், வியாழன், வெள்ளி, மூன்று காலையிலும் அவன் தலைக்கு ஒரு முழ தூரத்தில் அந்த மெஷின் லைனைப் பிடித்து, அவன் இருக்கிறான் என்று எங்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. நாங்கள் படித்துவிட்டு வேலைக்குப் போனோம். இப்போதெல்லாம் லிஃப்ட் குழியில் இறங்கும்போது மேலே நிற்கும் பையனிடம் பத்து தடவை கேட்கிறேன், இருக்கியா, இருக்கியா என்று.

இன்னும் இருக்கிறது. வெள்ளிக்கிழமை மதியம் அவன் தெருவில் கரண்ட் போய் மெஷின் அணைந்துவிட்டது. சனிக்கிழமை பெயர் வரவில்லை. செயலர் போன் போட்டு, "கொசுறைக் காணோம், போய்ப் பாருய்யா" என்றார். "அவங்க தெருவுல கரண்ட் இல்ல சார், அதான்" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். வேறு யாராக இருந்தாலும் ஓடியிருப்பார்கள். மெஷின்தான் பதில் சொல்கிறது என்று தெரிந்தவன் நான் ஒருவன், அதனால்தான் நான் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் பெயர் இல்லை என்றதும் போனேன்.

டாக்டர் பார்த்துவிட்டு, "நாலஞ்சு நாள் ஆன மாதிரி இருக்கே" என்றார். செயலர் பட்டியலைக் காட்டினார். ஏசி நின்று அறை சூடாகிக் கிடந்ததால் டாக்டருக்கும் சந்தேகம். சான்றிதழில் மாரடைப்பு, வெள்ளிக்கிழமை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நான் பக்கத்தில் நின்றேன், வாயைத் திறக்கவில்லை. நீங்கள் தம்பி தம்பி என்று எழுதிய கடிதங்களுக்கும் வாயைத் திறக்கவில்லை. அவன் உங்களை வெட்டி எறிந்துவிட்டான் என்று நீங்கள் உள்ளே உடைந்துகொண்டிருந்தபோது, இல்லை என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் இரண்டு மாதம் உங்கள் கண்ணைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தேன்.

லீவு உங்களிடம் வருவதற்காகத்தான் எடுத்திருக்க வேண்டும். புதன்கிழமை கிளம்பியிருப்பான். ஆனால் பை கட்டி வைத்திருந்தானா என்று கேட்டால், இல்லை. அறை முழுவதும் பார்த்தேன். பையும் இல்லை, டிக்கெட்டும் இல்லை, உங்களுக்கு எழுதிய எதுவும் இல்லை. கடைசியாக விளையாடிக்கொண்டுதான் இருந்தான். 4,120 எடுத்திருக்கிறான். வேறு ஏதாவது சொல்ல முடிந்தால் நன்றாக இருக்கும். இதுதான் இருக்கிறது.

ஜூன் 7 கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் சொல்லப் போகிறேன். உங்களிடம் முதலில் சொல்ல வேண்டும் என்று இருந்தேன்.

லிஃப்ட்காரன்

•

ஜூன் 9

அக்காவுக்கு,

உங்களிடமிருந்து பதில் இல்லை. எதிர்பார்க்கவும் இல்லை. நடந்ததைத் தெரிவிப்பது கடமை என்று எழுதுகிறேன்.

சனிக்கிழமை கூட்டத்துக்கு எல்லோரும் வந்திருந்தார்கள். தையல் மேசைமேல் அவன் செய்த மெஷினை வைத்து, பக்கத்தில் நினைவு மலரை அடுக்கியிருந்தார்கள். அட்டையில் 'இன்னும் இருக்கேன்' என்று பெரிய எழுத்து. செயலர் பேசி முடித்ததும் நான் எழுந்து, உங்களுக்கு எழுதியதை அப்படியே சொன்னேன். அடிப்பார்கள் என்று நினைத்தேன்.

தையல்காரர்தான் முதலில் எழுந்தார். அவர் முகம் வெளுத்திருந்தது. "என் மெஷினும் தானாத்தான் போடுது" என்றார். "ஒரு வருஷமா."

எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆயிற்று. பிறகு பல் டாக்டர் கை தூக்கினார். அவர் புரோகிராம் என்னுடையதைவிட நல்லது, நேரத்தையும் மாற்றி மாற்றிப் போடுமாம். அடுத்து பஸ் டிரைவர். அந்த 6:03, 6:41 எல்லாம் பல் டாக்டர் எழுதிக் கொடுத்ததுதான். ஒருவர் பின் ஒருவராக, என்னையும் சேர்த்து ஏழு கை. எல்லோரும் மெஷின் பைத்தியம், யாருக்குத்தான் தோன்றாது. ஆனால் மற்றவர்கள் நேர்மையாகத் தட்டுகிறார்கள், நாம் ஒருவர்தான் ஏமாற்றுகிறோம் என்று ஒவ்வொருவரும் நினைத்திருக்கிறோம்.

செயலர் இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தார். மலரைக் கையில் சுருட்டிக்கொண்டே இருந்தார். பிறகு மெல்ல அவரும் கையைத் தூக்கினார். டிசம்பரில் மகள் வீட்டுக்கு ஒரு வாரம் போயிருந்தாராம், பட்டியலில் அந்த வாரம் முழுவதும் அவர் பெயர் இருக்கிறது. "விதி போட்டவனே தவறவிட்டா நல்லா இருக்காதேன்னு..." என்று சொல்லி முடிக்காமல் உட்கார்ந்துவிட்டார். மேசையில் கவிழ்ந்து அழுதார். பதினொரு பேரில் எட்டு பேர். இத்தனை நாள் எங்கள் மெஷின்கள் ஒன்றோடொன்று பேசிக்கொண்டிருந்திருக்கின்றன, நடுவில் எங்களில் ஒருவன் செத்துப்போனது எதற்கும் தெரியவில்லை.

மறுநாள் காலை பட்டியலில் மூன்று பெயர்தான் இருந்தது. மீதி ஏழு பேர் நேரில் செயலர் வீட்டு வாசலில் போய் நின்றோம், எட்டாவதாக அவரும் வெளியே வந்து நின்றார்.

மலரை விநியோகிக்கவில்லை. இறப்புச் சான்றிதழில் செவ்வாய்க்கிழமை என்று தேதியைத் திருத்தித் தரும்படி, அதை எழுதிய டாக்டரிடம் நானும் செயலரும் கையெழுத்துப் போட்டு எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

லிஃப்ட்காரன்

•

ஜூன் 22

தம்பி,

இனிமேல் உன்னை நீங்கள் என்று எழுத எனக்கு வராது. நீ என்றே எழுதுகிறேன். கோபமா உரிமையா என்று என்னைக் கேட்காதே, எனக்கும் தெரியவில்லை.

கண்ணாடி போட்டுவிட்டேன். சின்னவனுடைய முதலாளியே, அவன் வேலை பார்த்த மெஷினில் தேய்த்து அனுப்பியிருக்கிறார். உன் மே மாதக் கடிதத்தைக் கண்ணாடி வந்த பிறகு இன்னொரு தடவை படித்தேன். முதல் தடவை படித்தபோது கட்டிலில் உட்கார்ந்தவள் இருட்டும் வரை எழுந்திருக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பெண் வந்து பார்த்துவிட்டுப் பயந்துபோனாள்.

அவன் எடுக்காமல் இருக்கவில்லை. எடுக்க முடியாமல் இருந்தான். இந்த ஒரு வரிக்காக நான் நாலு மாதம் செத்துப் பிழைத்திருக்கிறேன். நீ என்னைச் சமாதானப்படுத்தப் பொய் சொல்கிறாயோ என்றுதான் முதலில் தோன்றியது. பொய் சொல்கிறவனாக இருந்தால், அக்காவுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தான், பை கட்டி வாசலில் வைத்திருந்தான் என்று எழுதியிருப்பாய். நீ கல் அடுக்குகிற விளையாட்டு, 4,120 என்று எழுதினாய். அதனால் நம்பினேன். பையைப் பற்றி நீ கவலைப்படாதே. ஆட்டோ வந்து வாசலில் நின்று ஹாரன் அடித்த பிறகுதான் அவன் பையைத் தேடுவான். முந்தின நாளே பை கட்டியிருந்தால் அது என் தம்பி இல்லை. அவன் என்னிடம்தான் வந்துகொண்டிருந்தான்.

அதற்காக உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. ஐந்து நாள், தம்பி. என் பிள்ளை மாதிரி வளர்த்தவன் மேசையில் தலையை வைத்தபடி ஐந்து நாள் கிடந்தான். அதை நான் எந்தக் கண்ணாடி போட்டும் பார்க்காமல் இருக்க முடியாது. நீ தெரிந்துகொண்டே இரண்டு மாதம் சும்மா இருந்ததும் அப்படித்தான்.

ஆனால் அந்த எட்டுக் கையோடு இன்னொரு கையும் உண்டு. வியாழக்கிழமை எங்கேஜ்டு கேட்ட பிறகு, வெள்ளிக்கிழமை நான் கூப்பிடவே இல்லை. கீழ்வீட்டுக்காரர் எண் என் டைரியில் இருக்கிறது. ஒரு தடவை சுற்றியிருந்தால் அவர் மாடி ஏறிப் பார்த்திருப்பார். அவனே வந்து கெஞ்சட்டும் என்று கண்ணில் கட்டோடு வீம்பாகப் படுத்திருந்தேன். ஒன்பதாவது கை என்னுடையது.

மெஷின்களை நீயே வைத்துக்கொள். அந்தப் பன்னிரண்டு வரியை மட்டும் அழித்துவிடு.

போன் மேல் போட்டிருந்த துணியை நேற்று எடுத்துவிட்டேன். ஜூலை முதல் தேதி காலை ஆறு பத்துக்கு உன் வீட்டு போன் அடிக்கும். அன்றைக்கு மெஷின் ஒயரை லைனிலிருந்து பிடுங்கி வை, எனக்கு எங்கேஜ்டு கேட்கக் கூடாது. உன் மனைவியை எடுக்கச் சொல்லாதே, மகளையும் எடுக்கச் சொல்லாதே.

நீயே எடு.

அக்கா